ஒரகடம் ஆலையும் ஒரு சர்வதேச வழக்கும்: காலநிலைச் சட்டம் படித்தவருக்கு இங்கே என்ன வேலை?

ஒரகடத்தில் கார் ஆலை அமைக்க ரெனோ-நிசான் கூட்டணி தமிழக அரசுடன் 2008-ல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஆலை வந்தது, கார்களும் வெளியே போயின. வாக்குறுதி தந்த வரிச் சலுகைத் தொகை முழுசா வரவில்லை என்று நிசான் சொன்னது. பாக்கியும் இழப்பீடும் சேர்த்து நிறுவனம் கேட்டது ரூ.5,000 கோடிக்கு மேல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது தமிழக அரசு. 2017-ல் தொடங்கிய வழக்கிலோ எதிர்த்தரப்பு இந்திய அரசு. ஏன்? நிசான் பிடித்தது 2011-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தை. அதன் முதலீட்டு அத்தியாயப்படி, மாநிலம் செய்ததற்கும் நாடுதான் பதில் சொல்லணும். வழக்கு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. மூன்று பேர் கொண்ட சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர் அதில் ஒருவர். வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2019-ல் மன்றம் சொன்னது. 2020-ல் சமரசத்தில் முடிந்தது.

சரி, இது பணத் தகராறுதானே, காலநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஸ்பெயினைப் பாருங்கள். சூரிய மின்சாரத்துக்குத் தாராளமாக மானியம் அறிவித்து முதலீட்டாளர்களை அழைத்தது. நிதி நெருக்கடி வந்ததும் மானியத்தை வெட்டியது. விளைவு, எரிசக்தி சாசன ஒப்பந்தத்தின் கீழ் வரிசையாக ஐம்பதுக்கும் அருகில் வழக்குகள். எதிர்த்திசையிலும் இதே கதை: 2030-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த நெதர்லாந்து சட்டம் போட்டதும், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனம் 2021-ல் 140 கோடி யூரோ கேட்டது (பிறகு வழக்கைக் கைவிட்டது). ஆக, பசுமைக்கு மானியம் கொடுத்துவிட்டு வெட்டினாலும் வழக்கு, புகையை நிறுத்தச் சொன்னாலும் வழக்கு!

இந்த இரண்டு துறைகளிலும் கால் வைத்திருக்கும் வழக்கறிஞர்களுக்கு உலகம் முழுக்க மவுசு கூடுவது இதனால்தான். காலநிலைச் சட்டம் அரசைப் பார்த்து 'நடவடிக்கை எடு' என்கிறது. நம் உச்ச நீதிமன்றமே 2024-ல் ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகள் தரும் உரிமை என்றது. முதலீட்டுச் சட்டமோ 'விதியைத் திடீரென்று மாற்றாதே' என்கிறது. ஒன்றை மட்டும் படித்தவர் எழுதும் ஒப்பந்தத்தில் மற்றதுக்கான ஓட்டை இருக்கும்.

'இந்தியாதான் பழைய முதலீட்டு ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டதே?' என்பது அடிக்கடி வரும் கேள்வி. பாதிதான் சரி. பெரும்பாலானவற்றை 2016-க்குப் பிறகு ரத்து செய்தது உண்மை. புதிய மாதிரி ஒப்பந்தத்தில் முதலில் உள்நாட்டு நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டு முயல வேண்டும், வரி விவகாரங்கள் கிடையாது, சுற்றுச்சூழலைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால், ரத்தான ஒப்பந்தங்களே பழைய முதலீடுகளுக்குப் பல ஆண்டுகள் பாதுகாப்புத் தருபவை. ஜப்பான், தென்கொரியாவுடனான கூட்டு ஒப்பந்தங்களோ இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரகடம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை எந்த நாட்டு நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களிடம் சொல்லத் தேவையில்லை.

நம் அரசு இதில் போதுமான கவனம் காட்டுகிறதா என்பது சந்தேகம்தான். தமிழகத்தின் 2023 மின்வாகனக் கொள்கையும் மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவது போன்ற சலுகைகளை முன்வைக்கிறது. நிசான் வழக்கின் வேரும் வரிச் சலுகைதான். எந்தத் தேதிக்குள் பணம், கஜானா காலியானால் என்ன, மாசு விதி கடுமையானால் சலுகை என்னாகும்: இவற்றைக் கையெழுத்துக்கு முன்பே கேட்கும் ஆள், முதலீட்டாளர் மாநாட்டு மேடைக்குப் பின்னால் அரசுத் தரப்பிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தரப்பில் அப்படி ஒருவர் எப்போதுமே இருக்கிறார்.