பெய்ரூட்டுக்கும் மணலிக்கும் என்ன சம்பந்தம்?

2020-ல் பரீட்சையே எழுதாமல் பத்தாவது பாஸ் ஆன பேட்ச் நாம. எழுதியிருந்தா சோஷியல் சயின்ஸ்ல குளோபலைசேஷன் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கும்னு நினைக்கிறேன். நானும் இங்கிலீஷ்ல நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். உலகமயமாக்கல் நாடுகளை இணைக்கிறது, மக்களை நெருக்கமாக்குகிறது, உலகமே ஒரு சின்ன கிராமம் ஆகிவிட்டது. அஞ்சு மார்க் நிச்சயம். ஆனா அந்தப் பதிலுக்கு அர்த்தம் என்னன்னு அதே வருஷம் ஆகஸ்ட் மாசம்தான் புரிஞ்சது, எங்க வீட்டு டிவி முன்னாடி.

2020 ஆகஸ்ட் 4. லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தாங்க. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. லாக்டவுன்ல வேற வேலை இல்லாம நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஏதோ சினிமா மாதிரி. ரெண்டு நாள்ல நம்ம சேனல்கள்ல அடுத்த செய்தி வந்தது. சென்னை மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில், 37 கண்டெய்னர்களில், கிட்டத்தட்ட 700 டன் அதே அம்மோனியம் நைட்ரேட் இருக்காம். தென் கொரியாவிலிருந்து வந்த சரக்கு. இறக்குமதியில் விதிமீறல்னு 2015-ல் சுங்கத்துறை பிடிச்சு வச்சது. அஞ்சு வருஷமா அங்கேயே கிடக்குது.

எங்க வீடு திருவொற்றியூர். மணலி எங்களுக்குப் பக்கத்து ஊர். அப்பா பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பார்க்கிறார். இருபது வருஷமா கண்டெய்னர் பேப்பர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுது. அவருக்கே இது புதுச் செய்தி. அம்மா என்னைக் கேட்டாங்க: "பெய்ரூட் எங்கடா இருக்கு? அதுக்கும் மணலிக்கும் என்ன சம்பந்தம்?"

மேப்பைத் திறந்து பெய்ரூட்டைக் காட்டினேன். ரெண்டாவது கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்போ சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல ஒண்ணு. வடசென்னையை உலகத்தோட இணைச்சது 1991 பொருளாதாரச் சீர்திருத்தம் இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க ஏரியா உலகத்தோட சேர்ந்தாச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஏற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பேரே வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டது. சண்டை ஐரோப்பாவில், தீப்பிடிச்சது இங்க. இன்னிக்கும் பெரியவங்க "அவன் பெரிய எம்டன்"னு சொல்றாங்கள்ல, அது அந்தக் கப்பல்தான்.

நல்ல கதையும் இருக்கு. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் ஃபேக்டரி போட்டு புல்லட் தயாரிச்சாங்க. 1970-ல் இங்கிலாந்துல உற்பத்தி நின்னுபோச்சு. திருவொற்றியூர்ல நிக்கல. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆச்சு. எங்க தெருக்காரங்க இதைப் பெருமையா சொல்வாங்க. சொல்லவும் வேணும்.

இன்னிக்கு சென்னைத் துறைமுகத்தின் ஒரு கண்டெய்னர் டெர்மினலை துபாய் கம்பெனி நடத்துது, இன்னொன்றை சிங்கப்பூர் கம்பெனி நடத்துது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001-ல் திறந்தது. ஒரகடத்துல செய்த கார் அங்கே கப்பல் ஏறுது. அதனால "குளோபலைசேஷன் ஒழிக"ன்னு எழுத நான் வரல. என் செமஸ்டர் ஃபீஸ் அதிலிருந்துதான் வருது.

என் பிரச்சினை வேற. எங்க ஏரியா வழியா எல்லா நாட்டுப் பொருளும் போய் வருது. ஆனா என்ன போகுது, என்ன தங்குதுங்கிற தகவல் மட்டும் எங்களுக்கு வர்றதே இல்ல. வந்தாலும் கடைசியா வருது.

பெய்ரூட்டிலும் அதேதான் நடந்திருக்கு. அந்த அம்மோனியம் நைட்ரேட்டை பெய்ரூட்ல யாரும் ஆர்டர் பண்ணல. ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய சரக்கு. ஏற்றி வந்த கப்பல் மால்டோவா நாட்டுக் கொடி போட்டது. 2013-ல் பெய்ரூட்டில் நின்னது, திரும்பப் போகவே இல்ல. சரக்கை இறக்கி துறைமுகக் கிடங்கில் வச்சாங்க. அதிகாரிகளுக்குத் தெரியும், அவங்களுக்குள்ள கடிதம் எல்லாம் போச்சு. துறைமுகத்துக்கு எதிர்ல குடியிருந்தவங்களுக்குத் தெரியாது.

மணலி விஷயம் வெளிய வந்ததும் சுங்கத்துறை முதல்ல என்ன சொன்னது தெரியுமா? ரெண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு எதுவும் இல்ல, பயப்பட வேண்டாம்னு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேர்ல போய்ப் பார்த்துட்டு, 700 மீட்டர் தூரத்திலேயே மணலி புதுநகரும் சடையங்குப்பமும் இருக்கு, ஆயிரக்கணக்கான மக்கள் இருக்காங்கன்னு சொன்னது. அதாவது சரக்கு இருந்தது மக்களுக்குத் தெரியாது, மக்கள் இருந்தது காகிதத்துக்குத் தெரியாது. அப்புறம் வேலை வேகமா நடந்தது. அஞ்சு வருஷம் நகராத கண்டெய்னர்கள் ஏலம் போய், அந்த ஆகஸ்ட் மாசத்துக்குள்ளேயே ஹைதராபாத்துக்குக் கிளம்பிருச்சு.

அம்மா கேள்விக்கு என் பதில் இதுதான். மணலி கண்டெய்னர்களை நகர்த்தியது பெய்ரூட்ல செத்துப்போனவங்க. அவங்களுக்கு மணலின்னு ஒரு ஊர் இருக்கிறதே தெரியாது. ஆனா நாம அவங்களுக்குக் கடன்பட்டிருக்கோம். குளோபலைசேஷன் மக்களை இணைக்குதுன்னு பாடத்துல படிச்சோமே, இப்படி ஒரு இணைப்பையும் அதுல சேர்க்கணும்.

இது ஒரு தடவை நடந்த விஷயம்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. ஒண்ணு எல்பிஜி இறக்கிட்டுப் போன, ஐல் ஆஃப் மேன் கொடி போட்ட கப்பல். இன்னொண்ணு எண்ணெய் ஏற்றி வந்த இந்தியக் கப்பல். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லைனு முதல்ல அறிக்கை வந்தது. எர்ணாவூர் கரையில் எண்ணெய் தார் மாதிரி ஒதுங்கினப்புறம் மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினாங்க. அந்த போட்டோ உலகம் பூரா போச்சு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்துல அம்மோனியா கசிந்தது. கப்பலில் வர்ற அம்மோனியாவை ஃபேக்டரிக்குக் கொண்டுபோக கடலுக்கு அடியில் ஒரு குழாய் இருக்கு, அதிலிருந்து. தூக்கத்தில் இருந்தவங்க நெடி தாங்காம எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. எந்தப் பக்கம் ஓடணும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கல.

இதை கிளாஸ்ல பேசினப்போ ஒரு நண்பன் கேட்டான்: "இதெல்லாம் வெளிய சொன்னா மக்கள் பீதி ஆகமாட்டாங்களா? திருடன் வரமாட்டானா?" நியாயமான கேள்வி. எந்தக் கிடங்கில் எந்த மூலையில் இருக்குன்னு யாரும் கேட்கல. பக்கத்துல என்ன மாதிரி ஆபத்து இருக்கு, சைரன் அடிச்சா என்ன செய்யணும், இதைச் சொன்னா போதும். அம்மோனியா கசிந்தா ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருதோ அந்தப் பக்கமா, கசிவு இடத்தைத் தவிர்த்து விலகிப் போகணும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. பீதி வர்றது தகவல் இல்லாதப்போதான். அதை பெரியகுப்பத்துல பார்த்தாச்சு.

இதுக்குப் புதுச் சட்டம்கூட தேவையில்ல. 1984 போபாலுக்கு அப்புறம், 1989-ல் அபாயகரமான ரசாயனங்களுக்கான மத்திய அரசு விதிகள் வந்தாச்சு. பெரிய அளவில் ஆபத்தான ரசாயனம் வச்சிருக்கிறவங்க, விபத்து நடந்தா பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அதன் தன்மையையும் என்ன செய்யணும்னும் முன்கூட்டியே சொல்லணும்னு அதில் தெளிவா இருக்கு. நம்ம தெருவில் யாராவது வந்து உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? எங்க தெருவுக்கு வரல.

சரி, நாம என்ன பண்ணலாம்? ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, படிக்கக் கத்துக்கலாம். டேங்கர் லாரிகளின் பின்னாடி ஒரு போர்டில் நாலு இலக்க எண் இருக்கும், பார்த்திருப்பீங்க. அது யுஎன் நம்பர். 1203 என்றால் பெட்ரோல், 1075 எல்பிஜி, 1005 அம்மோனியா. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 1942. கொரியாவிலும் லெபனானிலும் மணலியிலும் அதே எண்தான். எல்லா நாடும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கிட்ட ஒரு பொது மொழி அது. குளோபலைசேஷன் தந்த நல்ல விஷயம், நம்ம கண்ணு முன்னாடியே ஓடுது, நாமதான் படிக்கிறதில்ல.

ரெண்டாவது, கொஞ்ச மாசத்துல நம்மில் பலர் வேலைக்குப் போறோம். சிலர் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு, சிலர் சப்ளை செயின் சாஃப்ட்வேர் எழுத. கண்டெய்னர் எங்க இருக்கு, எத்தனை நாள் நிக்குது, வாடகை எவ்வளவு ஏறுது, எல்லாம் அந்த ஸ்கிரீன்ல தெரியும். ஆபத்தான சரக்கு நாள் கடந்து நின்னா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் அந்த வார்டுக்கும் தானா ஒரு தகவல் போற மாதிரி செய்றது பெரிய டெக்னாலஜி இல்ல. மீட்டிங்ல யாராவது கேட்கணும், அவ்வளவுதான். அந்த யாராவது நீங்களா இருங்க.

அம்மா இப்போ அந்த நம்பர்களைக் கத்துக்கிட்டாங்க. போன வாரம் எக்ஸ்பிரஸ் ரோட்டை கிராஸ் பண்ண நிக்கும்போது ஒரு டேங்கரைக் காட்டி, "1075 போகுது பாரு, கேஸு" என்றாங்க. சரியா சொன்னாங்க.