எண்ணப்படாத வயிறுகள்

கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 14 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறியது. அதன்பின் எவரும் எண்ணவில்லை. 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடந்துவந்த பணி 2021இல் முதன்முறையாக நின்றது. பெருந்தொற்றைக் காரணம் காட்டினர். அதே ஆண்டில் மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டங்களாகத் தேர்தல் நடத்த அத்தொற்று தடையாகவில்லை!

விளைவு என்ன? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் வரம்பு 2011 தொகையின்படி 81.35 கோடியிலேயே உறைந்து கிடக்கிறது. மக்கள் பெருகினர், ஒதுக்கீடு பெருகவில்லை. புதிதாக ரேஷன் அட்டை கேட்பவருக்கு ‘வரம்பு நிரம்பிவிட்டது’ என்பதே விடை. இது நிர்வாகத் தாமதமன்று. ஏழையின் அரிசியை மிச்சம் பிடிக்கும் அரசியல்.

2027இல் கணக்கெடுப்பு என்கிறது ஒன்றிய அரசு. முடிவு வரும்வரை பசி காத்திருக்குமா? மக்கள்தொகை மதிப்பீட்டைக் கொண்டு ஒதுக்கீட்டை இப்போதே உயர்த்து! தோழர்களே, இம்முழக்கம் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒலிக்கட்டும்.