பரியாரிமார் சொன்னதைப் பிள்ளைகள் எழுதட்டும்

ஓலைத்தொடுவாய்க் கரையில் யாருக்காவது திருக்கை முள் குத்திவிட்டால் என் அப்பப்பாவிடம்தான் தூக்கி வருவார்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் வாளித் தண்ணீர் வைத்து, காலை அதற்குள் இறக்கச் சொல்வார். ஆற ஆற அப்பம்மா கேத்திலிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றுவார். கத்திக்கொண்டு வந்தவர் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார். திருக்கையின் நஞ்சு புரதம், சூட்டில் கெட்டுப்போகும். ஆஸ்பத்திரியிலும் இன்று முதலில் சுடுநீரில்தான் காலை வைக்கிறார்கள்.

அதே அப்பப்பா பாம்புக்கடிக்கு விஷக்கல் வைப்பார், மடு மண்ணைக் குழைத்துப் பூசுவார். மடு மாதாவிடம் எனக்குள்ள விசுவாசம் குறையவில்லை. ஆவணித் திருவிழாவுக்குப் போனால் நானும் அந்த மண்ணை எடுத்துத்தான் வருகிறேன். ஆனால் கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. கல் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும்.

ஒரே கைவைத்தியத்தில் பலிப்பதும் பலிக்காததும் கலந்து கிடக்கின்றன. பிரித்தெடுக்க முதலில் அது எழுத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் அதுதான் இல்லை. 1990இல் போரில் மன்னார்க் கரை சிதறியபோது விஷயம் தெரிந்த பெரியவர்களில் பலர் மண்டபத்துக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். பலர் அங்கேயே கண்ணை மூடினார்கள்.

அயர்லாந்துக்காரர் 1937இலேயே இப்படி எழுதிவைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கொப்பிகளில் எழுதினார்கள். குக்கலுக்குப் பிள்ளையைக் கழுதை வயிற்றின் கீழால் மாற்றி எடுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கழுதைகள் திரியும் எங்கள் தீவில் யாருக்கும் அது அந்நியமாகப் படாது.

வட அயர்லாந்தின் போஹோவில் 1815இல் இறந்த ஒரு பாதிரியாரின் கல்லறை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்குக் கீழே வைப்பார்கள், பிறகு திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவார்கள். 2018இல் ஆய்வாளர்கள் அந்த மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார்கள். மருந்துக்கு மசியாத சில கிருமிகளின் வளர்ச்சியை அது ஆய்வுகூடத்தில் தடுத்தது. மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஆனாலும் ஊர்ப்பேச்சு நிலைத்திருந்ததால்தான் அந்த மண்ணை எடுத்துப் பார்க்கத் தோன்றியது.

மன்னார் வலயக் கல்விப் பணிமனை இந்தத் தவணையிலேயே தொடங்கலாம். ஆளுக்கொரு கொப்பி போதும். எது சரி, எது பிழை என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அது வைத்தியர்களின் வேலை. சொன்னவரின் ஊர், வயது, மூலிகைக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர், எந்த நோவுக்கு, எத்தனை நாள் என்பதை எழுதி, காய்ந்த இலையொன்றைப் பக்கத்தில் ஒட்டட்டும். விஷக்கடிப் பக்கங்களின் மேலே மட்டும் ஆசிரியரே சிவப்பு மையில் எழுதட்டும்: முதலில் ஆஸ்பத்திரி.