ஔவையும் இந்திராவும் ஆண்கள்தாம்

தமிழ் நாடக வரலாற்றுத் தாளில் பெண் பெயர்கள் இரண்டு தென்படும். ஒன்று ஔவை, மற்றொன்று இந்திரா. முதலாமவர், கிழவி வேடமிட்டு நடித்த சிறப்பால் அப்பெயரையே பட்டமாகப் பெற்ற தி. க. சண்முகம். இரண்டாமவர், துணைவியார் பெயரைத் தம் பெயருக்கு முன் இட்டுக்கொண்ட பார்த்தசாரதி. (ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவி அவரை 'அம்மையார்' என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார். நாமும் சிவப்பு மையால் திருத்திவிட்டு நகர்கிறோம்.) இவ்விருவரின் தகுதியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இதே தாளை நடத்திவிட்டு, "தமிழில் பெண் நாடகாசிரியர் உருவாகவில்லை" என்று கருத்தரங்குகளில் பெருமூச்செறிகிறோமே, அந்தப் பெருமூச்சில்தான் நமக்கு நம்பிக்கையில்லை.

அ. மங்கை யார் என்று முதுகலை மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடை. 1980களில் சென்னைக் கலைக் குழுவில் இயங்கியவர்; ஆங்கிலப் பேராசிரியர்; 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் உருவான 'வாய்சிங் சைலன்ஸ்' என்னும் பெண்ணிய அரங்க முயற்சியை வழிநடத்தியவர். பெண் சிசுக்கொலையையும் கருக்கொலையையும் பேசிய 'பச்ச மண்ணு' அங்கே உருவானதுதான். இன்குலாப் எழுதிய 'ஔவை'யை மேடையேற்றியவரும் அவரே. கோலூன்றிய கிழவியை அகற்றிவிட்டு, யாழும் கள்ளும் நட்புமாக ஊர் ஊராய்த் திரிந்த பாண்மகளை அந்நாடகம் நம் கண்முன் நிறுத்தியது. வ. கீதா எழுதி மங்கை நெறியாண்ட 'காலக்கனவு', பெண்களின் பழைய எழுத்துகளிலிருந்தே ஒரு பெண்ணிய வரலாற்றைக் கோத்தது. 2015இல் இந்தியப் பெண்ணிய அரங்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலையும் மங்கை எழுதினார். கிழவியாக நடித்தவருக்கு ஔவை என்று பட்டம். ஔவையைக் கிழவிக் கோலத்திலிருந்து மீட்டவருக்குப் பாடநூலில் ஒரு வரியும் இல்லை.

மறுப்பு நமக்குத் தெரிந்ததே: "அவர் இயக்குநர், ஆசிரியர் அல்லர். 'ஔவை' இன்குலாப்பின் பிரதி." ஒப்புக்கொள்கிறோம், அதை மங்கையின் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. நம் கேள்வி வேறு. ஒத்திகையில், நடிப்பவரின் உடலிலும் பேச்சிலும் உருவாகும் நாடகத்திற்கு யார் ஆசிரியர்? சங்கரதாஸ் சுவாமிகளையே எடுத்துக்கொள்வோம். இன்றும் ஸ்பெஷல் நாடக மேடையில் வள்ளியும் முருகனும் சுவாமிகளின் பாட்டைப் பாடுகிறார்கள். தர்க்கத்திலும் வசனத்திலும் பெரும்பகுதி அந்தந்த இரவில் நடிகர் நாவில் பிறப்பது. அதனால் சுவாமிகள் ஆசிரியர் அல்லர் என்று எவரேனும் சொன்னதுண்டா? எழுதினார், பயிற்றினார், குழு நடத்தினார். மூன்றும் சேர்ந்தே 'வாத்தியார்' என்றோம், முறைதான். அதே வேலையை ஒரு பெண் செய்தால் மட்டும் கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்கிறோம். பிரதியோடு வந்தாலும் வரவேற்பு அப்படியொன்றும் இல்லை. அம்பையின் 'ஆற்றைக் கடத்தல்' நாடகத்தை எத்தனைத் தமிழ்த் துறைகள் பாடமாக வைத்தன? சிறுகதையாசிரியர் என்று அவரை ஒரு பெட்டியில் இட்டு மூடியாயிற்று.

அமெரிக்காவிலும் இது நடந்தது. அயோவா மாநிலத்தில் 1876இல் பிறந்த சூசன் கிளாஸ்பெல், செய்தியாளராக இருந்தபோது ஒரு கொலை வழக்கைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கணவரைக் கொன்றதாக மனைவிமேல் குற்றச்சாட்டு. அந்த வழக்கே 1916இல் 'ட்ரைஃபிள்ஸ்' என்னும் ஓரங்க நாடகமாயிற்று. ஆண்கள் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேட, பெண்கள் இருவர் அடுக்களையில் அமர்ந்தபடியே உண்மையைக் கண்டுகொண்டு, கழுத்து நெரிந்த ஒரு சிறு பறவையை மறைத்துவிடுகிறார்கள். அதே ஆண்டு, கணவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நாடகக் குழுதான் யூஜீன் ஓநீலை முதன்முதலில் மேடையேற்றியது. 1931இல் அவருக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆயினும் 1948இல் மறைந்த பின் ஓநீல் பாடமானார், கிளாஸ்பெல் அடிக்குறிப்பானார். 1970களுக்குப் பிறகு பெண்ணியத் திறனாய்வாளர்கள் அவரைத் தேடி மீட்டார்கள். மீட்க முடிந்ததற்கு ஒரே காரணம், பிரதி அச்சில் இருந்தது.

நம்மை உறுத்துவது அதுவே. அச்சை மட்டும் அளவுகோலாக்காதீர்கள் என்று வாதிடும் நாமே, அச்சின்றி எதுவும் எஞ்சாது என்றும் அஞ்சுகிறோம். கும்பகோணத்தில் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவரது அழகையும் அவரைக் காணக் கூடிய கூட்டத்தையும் வியக்கும் குறிப்புகள்தாம். மேடையில் அவர் என்ன செய்தார் என்பது காற்றோடு போயிற்று. மங்கையின் அரங்கைப் பற்றியும் நாளை "சமூக விழிப்புணர்வு நாடகம் போட்டார்" என்று அரை வரி எழுதி முடித்துவிடுவார்கள். 'விழிப்புணர்வு' என்பது கலையென்று ஒப்ப மனமில்லாதவற்றுக்கு நாம் ஒட்டும் முகவரிச் சீட்டு.

ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. இவ்வூருக்கு வரும் கலை ஆர்வலர்களை நேரே ஏற்காடு சாலைக்கு அழைத்துச் சென்று மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டுகிறோம். அந்த வளைவின் நினைவு போற்றத்தக்கதே. ஆனால் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதும் இந்தச் சேலத்தில்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவிகளுக்கு அந்த ஆண்டு மனப்பாடம். அத்தொட்டிலுக்குத் தேவை வந்தது ஏன் என்று கேட்டு ஒரு நாடகம் தமிழில் உண்டு என்பதை மட்டும் தமிழ் வகுப்பு அவர்களுக்குச் சொன்னதில்லை.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் நாடகத் தாளுக்கு நாம் முன்வைக்கப்போகும் பெயர்கள் மூன்று: அம்பை, வ. கீதா, அ. மங்கை. மறுப்பவர்கள் காரணத்தை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும்.