கெட்டவன் பட்டாளத்திற்கு என்ன சாயம்?

சீமையில் ஒரு விளையாட்டு உண்டு. விரற்கடை உயரமுள்ள பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, சண்டையிட்டு வெற்றி தோல்வி பார்ப்பதாகும். 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் இத்தகைய சண்டைக்கு விதிகள் எழுதிப் புத்தகமாகவே போட்டார். 1983-ல் இங்கிலாந்தில் வார்ஹாமர் என்னும் ஆட்டம் வந்தபின் பூதம், எலும்புக்கூடு முதலிய கற்பனைப் பட்டாளங்களும் பெருகி, பகடை உருட்டிச் சண்டை போடுகின்றன. பொம்மைகள் சாயமில்லாமலே வரும். வாங்கியவர்தான் தீட்டிக் கொள்ள வேண்டும். கெட்டவர் பட்டாளத்தை எடுத்துக் கொண்டவர், "எந்தச் சாயம் அடிக்கலாம்?" என்று கேட்டால், யோசனையின்றி வரும் பதில், "கருப்பு" என்பதே.

இந்தப் பிள்ளை விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். விளையாட்டில்தான் மனிதன் யோசிக்காமல் செய்கிறான். யோசிக்காமல் செய்வதில்தான் அவன் புத்தியில் ஊறிக் கிடப்பது வெளியாகிறது. அதனாலேயே எழுதுகிறோம்.

கெடுதிக்கும் கருப்புக்கும் இயற்கையிலேயே சம்பந்தமிருக்குமானால், உலகமெங்கும் ஒரே மாதிரியல்லவா இருக்க வேண்டும்? சீனத்து நாடகத்தில் நீதி தவறாத பாவ் என்னும் நீதிபதிக்குக் கருப்பு முகம். வஞ்சகனான சாவ் சாவுக்கு வெள்ளை முகம். மலையாளத்துக் கதகளியில் நளனுக்கும் தர்மபுத்திரனுக்கும் பச்சை. வார்ஹாமரிலோ கொள்ளைக்கார ஓர்க்குகளுக்குப் பச்சைத் தோல். நிஜப் பட்டாளங்களின் யுத்தப் படங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். நேட்டோ நாட்டார் தம் படையை நீலமாகவும் எதிரியைச் சிவப்பாகவும் குறிப்பார்கள். சோவியத் சேனையாரோ தம்மைச் சிவப்பாகவும் எதிரியை நீலமாகவும் குறித்தார்கள். ஆகவே, கெட்டவன் நிறம் என்பது தூரிகை பிடித்தவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்ததே ஒழிய, வேறில்லை.

நிற்க, மேற்படி ஓர்க்குகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சிவப்புச் சாயம் அடித்த வண்டி வேகமாய் ஓடுமாம்! ஆட்டத்தின் சில பதிப்புகளில் அப்படியே விதியும் வைத்து, சிவப்பு வண்டிக்கு ஒரு அங்குலம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். முட்டாள்தனத்தைப் பரிகசிக்க எழுதிய வேடிக்கை அது. நம்மவர்களோ ராசிக்கு நிறம் பார்த்து மோட்டார் வண்டி வாங்கி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைக்கிறார்கள். ஓர்க்குக்காவது ஒரு அங்குலம் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது என்ன?

இனி, தொழில் முறையில் பார்த்தாலும் கருப்பு லாபமில்லை. பொம்மையோ சிறிது, பார்ப்பதோ மூன்றடி தூரத்திலிருந்து. முழுக் கருப்பு அடித்தால் முகமும் மடிப்பும் ஒன்றும் தெரியாமல் கரிக்கட்டை போலாகும். அதைச் சரிக்கட்ட ஓரமெல்லாம் வெளிர்சாயக் கோடு இழுக்க வேண்டும். ஐம்பது பொம்மைக்கு இழுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். ஆகையால் மூன்று நிறம் போதும். பெரும்பாகத்திற்கு ஒன்று, அதற்கு எதிரிடையாக ஒன்று, கண்ணை இழுக்கச் சிறிதளவு ஒன்று. முதலில் ஒரே பொம்மைக்கு அடித்து, பகலிலும் விளக்கிலும் வைத்துப் பார்த்து, பிறகு மற்றவற்றைத் தொடலாம்.

எந்த நிறம் என்று நம்மைக் கேட்டால், வெள்ளையும் பொன்னும் என்போம். உலகத்தில் பெருங்கேடு செய்தவர்களில் அநேகர் கோரப் பல்லோடு வரவில்லை. சுத்தமான உடுப்போடு, தாங்களே நல்லவர்கள் என்று சொல்லிக் கொண்டுதான் வந்தார்கள். அப்படிப்பட்ட பட்டாளத்தைக் கண்டால்தான் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு நிஜமான பயம் வரும்.

பொம்மைக்கு எதை அடித்தாலும் பொம்மைக்கு வலிக்காது. ஆனால் நம் வீதி நாடகத்திலும் சினிமாவிலும் அரக்கனுக்கும் அடியாளுக்கும் கரி பூசிக் காட்டுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கருத்த பையனை எப்படிப் பார்க்கும்? கருத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தகப்பனிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சாயத்தின் விலை தெரியும். மேஜைமேல் இருக்கும் பட்டாளத்தை அடுத்த வருஷம் வேறு நிறத்தில் தீட்டிக் கொள்ளலாம். பிள்ளை மனதில் ஏறிய சாயத்தை அவ்வளவு சுலபமாய்ச் சுரண்ட முடியாது. ஆகவே தூரிகையை எடுக்குமுன், "இந்த நிறம் ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.