வளைகுடா விமானங்கள்: காசு கொடுத்தும் ஏன் கைகட்டி நிற்கிறோம்?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், மேலப்பாளையம் என நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வளைகுடாவுக்கோ, சிங்கப்பூர், மலேசியாவுக்கோ போய்வந்தவர்கள் இருப்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன் கப்பலில் போனவர்கள் இன்று விமானத்தில் போகிறார்கள். நிக்காஹ், ஜனாஸா, பிரசவம், உம்ரா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறை என்று நம் வாழ்வின் முக்கியமான நாட்கள் எல்லாம் விமானத்தின் நேரத்தை நம்பி இருக்கின்றன. நமக்கு விமானம் ஆடம்பரம் அல்ல. அது ஏறக்குறைய ஊருக்குப் போகும் பேருந்து.

ஆனால் பேருந்து வராவிட்டால் நடத்துநரிடம் சண்டை போடுகிற நாம், விமானம் வராவிட்டால் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துவிடுகிறோம். "என்ன செய்வது, சபூர் செய்வோம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். சபூர் நல்ல குணம்தான். ஆனால் நமக்குச் சேர வேண்டியதை, அது சேர வேண்டியது என்றே தெரியாமல் விட்டுவிடுவதற்குப் பெயர் சபூர் அல்ல, அறியாமை.

குறை எங்கே இருக்கிறது?

குறைந்த கட்டண விமானங்களில் இருக்கை நெருக்கம், சாப்பாட்டுக்குத் தனிக் காசு, பைக்குத் தனிக் காசு என்ற புகார்கள் எப்போதும் உண்டு. போயிங் 737-800 விமானத்தில் 189 இருக்கைகளை வரிசை கட்டினால் கால் நீட்ட இடம் இருக்காதுதான். திருச்சியிலிருந்து துபைக்கு நான்கு மணி நேரம் முழங்கால் முன் இருக்கையில் இடித்தபடியே போக வேண்டும். ஆனால் டிக்கெட் விலை குறைவு என்பதற்காக நாம் தெரிந்தே ஒப்புக்கொள்ளும் சிரமம் அது.

விமானிகளின் திறமையிலும் குறை சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளுடன் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்து, விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். தமிழகமே அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

நம் பிரச்சினை தரையில் இருக்கிறது. விமானம் தாமதமானால், ரத்தானால், நிறுவனம் பயணியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கில் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பு எடுத்தபோது, சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வளைகுடாவுக்குக் கிளம்பி வந்தவர்கள் விமான நிலையத்துக்கு வந்த பிறகுதான் செய்தியையே அறிந்தார்கள். விசா காலாவதி ஆகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களும், வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் அதில் உண்டு.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் முறை. விமானிகளுக்கு அதிக ஓய்வு தரச் சொல்லும் புதிய விதிகள் வருவது முன்பே தெரிந்திருந்தும், அதற்கேற்ப அந்த நிறுவனம் ஆட்களைத் திட்டமிடவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியதும் மத்திய அரசே தலையிட்டு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. நாட்டின் மிகப் பெரிய நிறுவனத்திலேயே இதுதான் நிலை.

விதி என்ன சொல்கிறது?

பயணியின் உரிமைகள் குறித்து சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2010-லேயே விதிகளை வகுத்து, பிறகு திருத்தியும் வந்திருக்கிறது. இந்திய விமான நிறுவனங்கள் இவற்றுக்குக் கட்டுப்பட்டவை. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

தாமதம்: நேரத்துக்கு செக்-இன் செய்த பயணிக்கு, பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள கொழும்பு போன்ற பயணத்தில் 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரை உள்ள துபை, சிங்கப்பூர் பயணத்தில் 3 மணி நேரத் தாமதத்திலும், அதைவிட நீண்ட பயணத்தில் 4 மணி நேரத் தாமதத்திலும் தர வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்கும் விடுதி உண்டு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் விடுதி உண்டு. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவில்தான் கிளம்புகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு விதி நமக்கு எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ரத்து: மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்குத்தான். 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தராமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்பது அதன் உச்ச அளவு.

இடம் மறுப்பு: அதிக டிக்கெட் விற்றுவிட்டு, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர வேண்டும். முடியாமல் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, ரூ.10,000 வரை. அதற்கும் மேல் தாமதித்தால் நான்கு மடங்கு, ரூ.20,000 வரை. இந்த இழப்பீட்டைச் சரியாகத் தராததற்காக 2022-ல் ஏர் இந்தியாவுக்கு ரூ.10 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது.

விதியில் உள்ள ஓட்டைகள்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறிய எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும்.

முதலாவது, ரத்துக்கான இழப்பீடு அந்த உச்சத் தொகையோ, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, எது குறைவோ அதுதான். மலிவு டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைப்பதும் மலிவாகத்தான் இருக்கும். ஆனால் அதே நாளில் வேறு விமானத்தில் அவர் வாங்கும் டிக்கெட் பல மடங்கு விலையில் இருக்கும்.

இரண்டாவது, வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் போல நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் என்றால் இழப்பீடு இல்லை. நியாயமான விலக்குதான். ஆனால் "ஆப்பரேஷனல் ரீசன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடும் ஊழியரிடம், எது கட்டுப்பாட்டை மீறியது, எது நிர்வாகக் கோளாறு என்று பயணி எப்படிப் பிரித்தறிவார்? காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

மூன்றாவதுதான் நம்மை அதிகம் பாதிப்பது. டிக்கெட் எடுக்கும்போது தொடர்பு விவரத்தைச் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. நம் ஊரில் டிக்கெட் எப்படி எடுக்கிறோம்? தெரிந்த டிராவல்ஸில் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்கிறோம். அவர் தன் கைப்பேசி எண்ணையோ, தன் மின்னஞ்சலையோ போட்டு டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். விமானம் ரத்து என்ற குறுஞ்செய்தி நள்ளிரவில் அவருக்குப் போகிறது. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். நாம் அந்த நேரம் வேன் பிடித்து விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம். "நாங்கள் முன்பே தகவல் சொல்லிவிட்டோம்" என்று நிறுவனம் கை கழுவிவிடுகிறது.

நான்காவது, தனித்தனி டிக்கெட். சென்னைக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து ஜித்தாவுக்கு வேறொரு நிறுவனம் என்று சிலநூறு ரூபாய் மிச்சம் பிடித்துத் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால்தான் பாதுகாப்பு.

முதியவர்களும் குழந்தைகளும்

உம்ராவுக்குப் போகிறவர்களில் முதியவர்கள் ஏராளம். பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறும் உம்மாக்களும் உண்டு. அவர்களுக்கு சக்கர நாற்காலி சலுகை அல்ல, தேவை. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், போதிய சக்கர நாற்காலிகள் இல்லாமல் நடந்தே சென்ற 80 வயது முதியவர் ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். ஏர் இந்தியாவுக்கு ரூ.30 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலியைப் பதிவு செய்வதும், அது டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் பிள்ளைகளின் கடமை. விமான நிலையத்துக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்குக் காசு கேட்பது இன்னொரு தொல்லை. 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகிலேயே இருக்கை ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவிட்டுவிட்டது. கவுண்டரில் மரியாதையாக இதைச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு வழியில்லாத பயணி

சேவை ஏன் இப்படி இருக்கிறது? வேறு விமானத்துக்குப் போய்விடுவார் என்ற பயம் இருந்தால்தான் எந்த வியாபாரியும் வாடிக்கையாளரை மதிப்பார். திருச்சிக்கு சிங்கப்பூர், மலேசியா, இலங்கை நிறுவனங்கள் வருகின்றன. கோவைக்கு ஷார்ஜாவின் ஏர் அரேபியா வருகிறது. ஆனால் துபையின் எமிரேட்ஸ் திருச்சிக்கோ கோவைக்கோ வர முடியவில்லை. இந்தியாவுக்கும் துபைக்கும் 2014-ல் வகுத்த ஒப்பந்தப்படி, வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள்தான் ஒவ்வொரு தரப்புக்கும். 2022-ல் துபை அரசு தரப்பில் மேலும் 50,000 இருக்கைகளும், திருச்சி, கோவை, கண்ணூர் உள்ளிட்ட புதிய நகரங்களும் கேட்கப்பட்டன. மத்திய அரசு இசையவில்லை.

அரசின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. வளைகுடா நிறுவனங்கள் நம் பயணிகளைத் துபை வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்விடுகின்றன, இந்திய நிறுவனங்கள் வளர வாய்ப்பில்லாமல் போகிறது என்பது அவர்கள் கவலை. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுப்பது யார்? பள்ளி விடுமுறையிலும் பெருநாள் நேரத்திலும் எகிறும் கட்டணத்தைக் கட்டுகிற கட்டடத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும்தான். போட்டியைக் கட்டுப்படுத்தும் அரசுக்கு, அந்தப் பாதையில் சேவையின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் இரட்டிப்பாகிறது. 2024 ஜூனில் திருச்சியில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. அதற்குள் நிற்கும் பயணிக்குத் தமிழில் பதில் சொல்ல, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் ஒவ்வொரு கவுண்டரிலும் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

டிக்கெட்டை யார் எடுத்தாலும், பயணியின் சொந்தக் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு எண் வேலை செய்யாது என்றால் ஊரில் உள்ள ஒருவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தாமதம், ரத்து என்றால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். போர்டிங் பாஸ், உணவு, விடுதி, டாக்சி ரசீது எதையும் வீசாதீர்கள். பை சேதமானாலோ வராவிட்டாலோ விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதி வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்குப் பை கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

தனி ஒருவர் அனுப்பும் புகார் கோப்பில் உறங்கிவிடலாம். நம் ஜமாஅத்துகளும், வளைகுடாவில் இயங்கும் ஊர் நலச் சங்கங்களும் இதைக் கையில் எடுத்தால் நிலைமை மாறும். எந்த நாளில் எந்த விமானம் எத்தனை மணி நேரம் தாமதம், உணவு தந்தார்களா, விடுதி தந்தார்களா என்று ஓராண்டுக்கு ஒரு பதிவேடு வைத்தால் போதும். அந்தக் காகிதத்தோடு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய், மக்களவையில் கேள்வியாகக் கேளுங்கள் என்று சொல்லலாம். புலம்பலைத் தள்ளிவிடலாம், தேதியும் நேரமும் எழுதிய கணக்கைத் தள்ளிவிடுவது கடினம்.

டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். காசை நாம் முன்கூட்டியே, முழுமையாகக் கொடுத்து நம் பக்கத்தை நிறைவேற்றிவிடுகிறோம். மறுபக்கத்தை அவர்கள் நிறைவேற்றவில்லை என்றால், அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.