மெசினை எண்ணினது போதும்

கொவிட் காலத்தில எங்கட வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கதைகள் ஒன்றாக ஓடினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்று, "வென்ரிலேற்றர் காணாது, காசு சேர்த்து வாங்கிக் குடுப்பம்." மற்றது, "வென்ரிலேற்றரில போட்டா ஆள் திரும்பாது." ஒரே ஆட்களே காலையில் முதலாவதையும் இரவில் இரண்டாவதையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான் அனுப்பினோம். பிறகு 2021இல் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அந்தக் கருவியில் ஒன்பது நாள் இருந்து செத்துப்போனா. அதுக்குப் பிறகு அந்த இரண்டு வசனத்தையும் சும்மா கடந்துபோக ஏலாமல் போயிட்டுது.

கலைப்பீடத்து ஆட்களுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். கேளுங்கோ. புவியியலும் பொருளியலும் தமிழும் படிக்கிற நாலு பேர், ஒரு மருத்துவபீட நண்பனை இடைக்கிடை கரைச்சல் படுத்தி, மூச்சுத் திணறலுக்கான சிகிச்சை ஆய்வுகளை வாசித்தோம். வாசித்த பிறகு எங்கட நிலைப்பாடு இது: இரண்டு கதையுமே பிழை. இரண்டுமே மெசினைத்தான் பார்க்கின்றன, அதை யார் எப்படி இயக்குகிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

1952 ஓகஸ்ட், கொப்பன்ஹேகன். போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த பிள்ளைகள் பிளெக்டம் வைத்தியசாலைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அங்கே இருந்தது ஒரு பெரிய இரும்பு நுரையீரலும், நெஞ்சில் பூட்டுகிற ஆறு சிறிய கருவிகளும் மட்டும். முதல் வாரங்களில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி, காற்றை உள்ளே தள்ளிக் காட்டினார். பிள்ளை பிழைத்தது. ஆனால் பையை இராப்பகலாக அமுக்க ஆள் வேணுமே? மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, மாதக்கணக்காக, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அமுக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் மாணவர்களின் கைகளால் மூச்சு விட்டார்கள். எங்கட வயதுப் பெடியள், பெட்டையள். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயிருந்துதான் தொடங்கியது என்று சொல்கிறார்கள். அதன் முதல் 'வென்ரிலேற்றர்' ஒரு மாணவரின் கை.

கைக்குப் பதிலாக மெசின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிருமித்தொற்றாலோ காயத்தாலோ நுரையீரல் முழுக்க வீங்கி நீர் கோர்க்கிற ஒரு நிலை இருக்கிறது. 1967இல் அதை முதலில் விவரித்தார்கள், இப்ப ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். இதில் நுரையீரலின் பெரும்பகுதி அடைபட்டு, காற்றை வாங்கக்கூடிய இடம் ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கிவிடும். வைத்தியர்களோ இரத்தத்தில் ஒட்சிசன் நல்லா ஏற வேணும் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் நிறையக் காற்றைத் தள்ளினார்கள். அந்தச் சின்ன இடம் ஊதி ஊதிக் கிழிபட்டது. காப்பாற்ற வைத்த கருவியே காயப்படுத்தியது.

இதை நிரூபித்தது அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு. 861 நோயாளிகள். ஒரு பகுதியினருக்குக் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்று, மற்றவர்களுக்கு 6. கூடக் காற்று வாங்கியவர்களில் 39.8 வீதம் பேர் இறந்தார்கள், குறையக் காற்று வாங்கியவர்களில் 31 வீதம். வித்தியாசம் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். எங்களை உலுக்கினது இன்னொரு விசயம். முதல் நாட்களில் ஒட்சிசன் அளவு நல்லா இருந்தது, கூடுதலாக இறந்த அந்தக் குழுவுக்குத்தான். திரையில் இலக்கம் அழகாக இருந்தது, உள்ளே நுரையீரல் பழுதாகிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் நிற்கிற எந்தக் கெட்டிக்கார வைத்தியரும் வெறும் கண்ணால் இதைப் பிடித்திருக்க மாட்டார். அனுபவம் பெரிசு எண்டு வாதாடுகிற ஆட்களுக்கு நாங்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுவோம்.

அந்த 6 மில்லிலீற்றரைப் பெருக்குகிற 'கிலோ', தராசில் வருகிற நிறை இல்லை. உயரத்தை வைத்துக் கணக்குப் பண்ணுகிற நிறை. ஆள் கொழுத்தாலும் நுரையீரல் வளராதுதானே. 150 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட 43 கிலோ. அப்படியென்றால் ஒரு மூச்சுக்கு 260 மில்லிலீற்றர். உயரம் அளக்காமல், ஒரு குத்துமதிப்பில் 500 என்று வைத்தால் அது கிலோவுக்கு பதினொன்றரை. அதாவது, கூடுதலாக இறந்த குழுவுக்குக் கொடுத்த அளவுக்குக் கிட்ட. கட்டையான பெண்களுக்கே இந்தப் பிழை கூட நடக்கும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. எங்கட அம்மம்மாமாரில் எத்தனை பேர் 150ஐத் தாண்டுவார்கள்?

தெரிந்த பிறகாவது எல்லாரும் மாறினார்களா? 50 நாடுகளில் 459 பிரிவுகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வு, இந்த நோய் வந்தவர்களில் 60 வீதமளவானவர்களுக்கே வைத்தியர்கள் அதை அடையாளம் கண்டிருந்தார்கள் என்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தால் இறப்பு 32.8 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைகிறது என்று பிரான்ஸ் ஆய்வு 2013இலேயே காட்டிவிட்டது. அதற்கு மெசின் தேவையில்லை. குழாய் கழராமல் ஆளைத் திருப்ப நாலைந்து பேர் தேவை. நன்கொடைப் பட்டியலில் தாதியர் ஒருபோதும் வருவதில்லை, படம் எடுத்துப் போட ஏலாதுதானே.

எங்களுக்குள் இன்னும் சண்டை தீராத ஒரு இடமும் உண்டு. மயங்கிக் கிடக்கிறவர் ஆய்வுக்குச் சம்மதம் சொல்ல முடியாது, உறவினர்தான் கையெழுத்து வைக்க வேணும். அந்த 861 பேரில் கூடக் காற்று வாங்கினவர்களுக்கு நடந்தது நியாயமா என்று அமெரிக்காவிலேயே கேட்டார்கள். அதே குழுவின் அடுத்த ஆய்வு 2002இல் இடைநிறுத்தப்பட்டு, மீளாய்வுக்குப் பிறகே தொடர்ந்தது. எங்களில் இரண்டு பேர், அழுதுகொண்டு நிற்கிற மகளிடம் பேனையை நீட்டுவது சம்மதமே இல்லை என்கிறோம். மற்ற இரண்டு பேர், ஆய்வே இல்லாமல் எல்லாருக்கும் 12 கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் யாரிடமும் ஒரு கையெழுத்தும் வாங்கவில்லையே என்கிறோம்.

அம்மம்மாவை அனுமதித்த இரவு சீனி, பிரெசர், ஒவ்வாமை எல்லாம் கேட்டார்களாம். உயரம் கேட்டதாக நண்பிக்கு நினைவில்லை. உள்ளே கொண்டுபோய் அளந்திருக்கலாம், அந்த நேரத்தில் அங்கே நின்றவர்கள் பட்ட பாட்டை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. போன கிழமை அவள் தையல் நாடாவால் தாயைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தாள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், இரத்த வகைக்குக் கீழே, சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள்: உயரம் 153.